1966 பீட்டிலில் 1600 எஞ்சின்: திருகோணமலை வெயிலில் பல வருடம் ஓட்டிய பிறகு

எங்கள் வீட்டு 1966ஆம் ஆண்டு வொக்ஸ்வாகன் பீட்டிலில் இருந்த 1300 எஞ்சினை இறக்கிவிட்டு, திருத்தியமைத்த 1600 எஞ்சினை 2018 கடைசியில் ஏற்றினோம். அன்றிலிருந்து இதுதான் என் அன்றாடக் கார். உப்புவெளியிலிருந்து பட்டினத்துக்கு வேலைக்குப் போவது, வார இறுதியில் நிலாவெளி, குச்சவெளி, அப்புறம் வருடத்தில் சில தடவை கண்டி, கொழும்பு. இதே மாற்றத்தை யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செய்யலாம், நல்ல மாற்றம். ஆனால் எஞ்சினுக்குள் என்ன போடுகிறோம் என்பதைவிட, அதைச் சுற்றிக் காற்று எப்படிப் போய் வருகிறது என்பதைத்தான் நம் ஊரில் அதிகம் கவனிக்க வேண்டும்.

பழைய எஞ்சின் 1285 சீசீ, 40 குதிரைவலு. புதியது 1584 சீசீ, 50 குதிரைவலு. பிஸ்டன் அடிக்கும் நீளம் இரண்டிலும் 69 மி.மீ.தான், சிலிண்டரின் விட்டம் மட்டும் 77 மி.மீ.இலிருந்து 85.5 மி.மீ.ஆகிறது. பத்துக் குதிரைவலுவில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். குறைந்த வேகத்தில் இழுக்கும் பலம்தான் வருகிறது. நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஓர்ஸ் ஹில்லில் ஏறும்போது இரண்டாவது கியருக்கு இறங்க வேண்டிய தேவை போய்விட்டது. கந்தளாய் வீதியில் ஒரு லொறியைக் கடக்க நினைத்தால் கடந்துவிடலாம்.

1641, 1776 சீசீ என்று இன்னும் பெரிதாகப் போகச் சொன்ன நண்பர்களும் உண்டு. 1641 பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். 85.5 இருக்கும் அதே துளையில், எஞ்சின் கூட்டை வெட்டாமல், 87 மி.மீ. சிலிண்டரைச் செருகிவிடலாம். ஆனால் துளை அப்படியே இருக்க உள்விட்டம் பெருத்தால் சிலிண்டரின் சுவர் மெலிகிறது. மெல்லிய சுவர் சூட்டில் வட்டம் கெடும். குளிர்நாட்டில் எப்படியோ, கச்சான் காற்று அனலாய் வீசும் ஆடி மாதத்துத் திருகோணமலையில் அந்தச் சிலிண்டரை நம்பி நான் ஓட்ட மாட்டேன். கம்பனி செய்த அளவிலேயே 1600ஐ நிறுத்தியதை இன்றும் சரியென்றே நினைக்கிறேன்.

எஞ்சின் கூடும் கிராங்க் ஷாஃப்டும் கொழும்பில் பழைய வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் தேடி எடுத்தவை. இந்தக் கூடு மக்னீசியம் கலப்பு உலோகம். வருடக்கணக்கில் அடி வாங்கினால் கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் மெயின் பெயரிங் உட்காரும் இடம் வட்டம் இழந்துவிடும். அதனால் அந்த இடங்களை ஒரே நேர்கோட்டில் திரும்பக் கடைந்து (லைன் போரிங்), அதற்கேற்ற பெயரிங் போட்டோம். சிலிண்டர் தலைகள் இரண்டும் புதியவை. பாவித்த இரட்டைத் துவாரத் தலைகளில் (ஒவ்வொரு தலையிலும் காற்று உள்ளே போக இரண்டு துவாரம் உள்ள வகை) வால்வ் சீட்டுக்கும் பிளக் துளைக்கும் இடையே வெடிப்பு விடுவது வழக்கம். அந்த இடத்தில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். கொம்ப்ரெஷன் விகிதத்தை 7.5க்கு மேல் ஏற்றவில்லை. 92 ஒக்டேன் பெற்றோலில் தட்டாமல் ஓடுகிறது.

1966 கார் என்றால் 6 வோல்ட் என்பதை மறக்கக் கூடாது. பிற்கால 1600 12 வோல்ட்டுக்கானது, அதன் ஃப்ளைவீல் 130 பல், பெரியது. பழைய 109 பல் ஃப்ளைவீலுக்குச் செய்த பெல் ஹவுசிங்கின் (ஃப்ளைவீலை மூடும் கூட்டின்) உட்பக்கத்தைக் கொஞ்சம் அரைத்தால்தான் அது சுற்றும். ஸ்டாட்டர், அதன் புஷ், பல்புகள், வைப்பர் மோட்டர் என்று 12 வோல்ட்டுக்கு மாறும் வேலை எஞ்சின் வேலைக்குச் சமமாக வளர்ந்தது. பட்ஜெட் போடும்போது இதையும் சேர்த்துப் போடுங்கள்.

சரி, காற்றுக்கு வருவோம். எஞ்சினை ஏற்றித் தந்தவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு மெக்கானிக் நானா (அண்ணன்). முதல் நாளே அவர் சொன்னது: "தம்பி, இஞ்சின் பெரிசானா சூடு வரும் எண்டு பயப்படாதீங்க. காத்துப் போற வழி சரியில்லாட்டித்தான் சூடு." முழுக்க உண்மை. இந்த எஞ்சினில் தண்ணீர் கிடையாது. ஃபேன் மேலிருந்து காற்றைத் தள்ளுகிறது. அது சிலிண்டர்களின் செதில்களுக்கு நடுவே கீழிறங்கி, சூட்டை வாங்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் வெளியேற வேண்டும். எஞ்சினைச் சுற்றியுள்ள தகடுகளும், தகட்டுக்கும் பொடிக்கும் நடுவே ஓடும் றப்பர் சீலும் சேர்ந்துதான் மேல்காற்றையும் கீழ்காற்றையும் பிரித்து வைக்கின்றன. அந்த றப்பர் காய்ந்து உதிர்ந்தால், கீழே போன கொதிகாற்றே திரும்ப மேலே வந்து ஃபேனுக்குள் போகும். இலங்கையில் நான் எட்டிப் பார்த்த பல பீட்டில்களில் அந்த றப்பரே இல்லை. பிளக் வயர்களின் றப்பர் மூடிகள் தகட்டுத் துளையை அடைக்காமல் தொங்கும். சிலிண்டர்களுக்கு அடியில் வரும் சின்னத் தகடுகளையும் எஞ்சின் பிரித்த யாரோ கழற்றி எறிந்திருப்பார்கள். அவை இல்லாவிட்டால் காற்று செதில்களைத் தழுவாமல் நேரே விழுந்துவிடும்.

எங்கள் காரில் இவை எல்லாவற்றையும் தேடிப் பொருத்தினோம். ஃபேன் கூடும் பிந்தைய வகை. பழைய வகையில் ஒயில் கூலர் ஃபேன் கூட்டுக்குள்ளேயே நின்று, மூன்றாம் சிலிண்டருக்குப் போகும் காற்றை மறிக்கும். மூன்றாம் சிலிண்டரின் எக்சோஸ்ட் வால்வ் கருகுவது இதனால்தான். 1971 மொடலிலிருந்து கூலரைப் பின்னால் தனிக் கூட்டுக்குள் தள்ளி, ஃபேனையும் அகலமாக்கினார்கள். டோக்ஹவுஸ் என்று சொல்வார்கள். 1600 ஏற்றுகிறவர்கள் வேறு எதை விட்டாலும் இதை விடக் கூடாது. ஹீட்டர் நமக்குத் தேவையில்லை என்று எக்சோஸ்ட்டில் சாதாரணக் குழாய் போடுகிறவர்கள், ஃபேன் கூட்டிலிருந்து ஹீட்டருக்குப் போகும் இரண்டு வாய்களையும் கட்டாயம் அடைக்க வேண்டும். திறந்து கிடந்தால் சிலிண்டருக்குப் போக வேண்டிய காற்று அந்த வழியாக வீணாகிறது. எஞ்சின் சூடேறும்வரை காற்றை மறிக்கும் தெர்மோஸ்டாட்டையும் அதன் மடல்களையும் வெப்பநாடு என்று சொல்லிக் கழற்ற நான் விடவில்லை. எஞ்சின் சீக்கிரம் சூடேறிச் சரியான நிலைக்கு வந்தால் தேய்மானம் குறைவு. பின் மூடியைக் கட்டை கொடுத்துத் தூக்கி ஓட்டும் பழக்கமும் எனக்குப் பிடிக்காது. சீல் ஒழுங்காக இருந்தால் பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள வெட்டுகள் வழியாகவே தேவையான காற்று வருகிறது.

பலன் ஒயில் சூட்டில் தெரிகிறது. தனியாக ஒரு கேஜ் பூட்டியிருக்கிறேன். நிலாவெளி வீதியில் 90 பாகை செல்சியஸை ஒட்டி நிற்கும். ஹபரணைக் காட்டுப் பாதையில் மதிய வெயிலில் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போனால் 105 பாகை வரை. மாத்தளை தாண்டிக் கண்டிக்கு ஏறும் வளைவுகளில்தான் 110ஐத் தொட்டது, அதற்கு மேல் போனதில்லை. ஏற்றத்தில் நான்காவது கியரில் முக்கி முனகி ஏற்ற வேண்டாம். மூன்றாவதில் போட்டால் ஃபேன் வேகமாகச் சுற்றும், சூடு இறங்கும். கியர்பொக்ஸ் பழைய 1300உடையதுதான். 80 கி.மீ. வேகத்தில் எஞ்சின் ஏறத்தாழ 2600 சுற்றில் ஓடுகிறது, இந்த எஞ்சினுக்கு அது சுகமான இடம். (ஹபரணைப் பாதையில் இரவில் போகாதீர்கள். யானை குறுக்கே நிற்கும், 6 வோல்ட் வெளிச்சத்தை விட்டு 12க்கு வந்தாலும் தூரத்தில் தெரியாது.)

ஒரு குறை ஆரம்பத்தில் இருந்தது. அக்ஸிலரேட்டரை மிதித்ததும் ஒரு கணம் தயங்கிப் பிறகு பாயும். பிளக்குகளுக்கு மின்சாரம் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரில் வெக்கூம் இல்லாத 009 வகையுடன் 34 பிக்ட் காபரேட்டர் சேர்ந்தால் வருகிற வியாதி அது. எஞ்சின் உறிஞ்சுவதற்கேற்பப் பொறியின் நேரத்தை மாற்றும் வெக்கூம் உள்ள டிஸ்ட்ரிபியூட்டரைப் போட்டதும் தீர்ந்தது.

பிரேக் விஷயத்தை எஞ்சினுக்கு முன்பே முடித்துவிட்டேன். 1966இல் நான்கு சக்கரமும் டிரம், எண்ணெய்க் குழாயும் ஒற்றை வழி. ஒரு இடத்தில் ஒழுகினால் நான்கு பிரேக்கும் போகும். முன்னால் டிஸ்க்கும் இரட்டை வழி மாஸ்டர் சிலிண்டரும் போடாமல் 50 குதிரைவலுவை யாரும் ஏற்ற வேண்டாம். பின் அச்சு ஊஞ்சல் வகை (சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடுவது) என்பதால் வளைவின் நடுவில் திடீரென்று அக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பதும் ஆபத்து.

பெற்றோல் செலவு கொஞ்சம் கூடியது. லீற்றருக்கு முன்பு 11 கி.மீ. ஓடியது, இப்போது 10ஐ ஒட்டி. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் தந்தபோதுதான் அந்த வித்தியாசம் உறைத்தது. அந்த மாதங்களில் கார் நின்ற நாட்களே அதிகம். காபரேட்டருக்குள் பெற்றோல் காய்ந்து ஜெட் அடைத்தது. எடுத்துக் கழுவியதும் சரி.

பராமரிப்பில் விட்டுக்கொடுக்க முடியாதவை ஒயிலும் வால்வும். இந்த எஞ்சினுக்கு வடிதட்டு மட்டும்தான், பில்டர் இல்லை, கொள்ளளவும் 2.5 லீற்றர்தான். 20டபிள்யூ 50 ஒயில் ஊற்றி, கம்பனி சொன்ன 5000 கி.மீ.க்குக் காத்திராமல் பாதியிலேயே மாற்றுகிறேன். வால்வ் இடைவெளி எஞ்சின் ஆறிய பிறகு 0.15 மி.மீ. காபரேட்டருக்குப் போகும் பெற்றோல் றப்பர் குழாயை வருடா வருடம் மாற்றுகிறேன். பீட்டில்கள் தீப்பிடிப்பது பெரும்பாலும் அந்தக் குழாய் வெடித்து, கீழே உள்ள டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் பெற்றோல் வழிவதால்தான். கடற்காற்றுக்குத் தகடுகள் துருப்பிடிக்கின்றன. வாடைக் காலம் முடிந்ததும் கழுவிப் பெயின்ட் தொட்டுவிட வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கமும் கொள்ளளவும் இருக்கின்றன. மாற்றியதை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்து, காப்புறுதிக்கும் சொல்லிவிடுங்கள். பஞ்சிகாவத்தையில் கூட்டுக்குக் காசு கொடுக்கும்போதே பற்றுச்சீட்டை வாங்கி வையுங்கள், பிறகு தேடிப் பிடிப்பது கஷ்டம்.

இப்போதைக்கு, வால்வுகளை இயக்கும் தண்டுகள் போகும் புஷ்ரொட் குழாய்களின் சீல் இரண்டில் ஒயில் கசிகிறது. எஞ்சினை இறக்க நான்கு போல்ட்தான். வாடை தொடங்குமுன் இறக்கி எட்டுக் குழாய்க்கும் புதுச் சீல் போடப் போகிறோம். கிளச் தட்டையும் அப்போதே பார்த்துவிடலாம் என்கிறார் நானா.