டிராயரில் ஆறு மாதம் கிடந்தால்: எஸ்பியா, ஸ்விட்ச்சா, ஸ்டீம் டெக்கா?

போன மாதம் மேசை டிராயரை ஒழித்துக்கொண்டிருந்தபோது இரண்டு கையடக்கக் கேம் கருவிகள் அகப்பட்டன. ஒன்று 2003-இல் வந்த நின்டெண்டோவின் கேம்பாய் அட்வான்ஸ் எஸ்பி. இன்னொன்று அதற்குப் பல வருடம் கழித்து வந்தது; பெயர் வேண்டாம், விடுங்கள். இரண்டையும் தொட்டு ஆறேழு மாதம் இருக்கும். எஸ்பியைத் திறந்து பக்கவாட்டுச் சுவிட்சைத் தள்ளினேன். பச்சை விளக்கு எரிந்தது, எழுத்துகள் வந்து சேர்ந்தன, அந்தப் பழைய 'டிங்' கேட்டது. இன்னொன்றைச் சார்ஜரில் போட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தேன். அசையவில்லை. முதுகைத் தடவிப் பார்த்தால் நடுவில் மேடு தட்டுகிறது. பேட்டரி உப்பிவிட்டது.

அது போன இடத்தில் எதை வைப்பது என்று யோசித்ததில் வந்ததுதான் இந்த அலசல். போட்டியில் மூன்று பேர்: வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக், நின்டெண்டோவின் ஸ்விட்ச், ஏற்கெனவே கையில் இருக்கும் எஸ்பி. கடைசியில் புதிதாக எதையும் வாங்கவில்லை, எஸ்பியே போதும் என்று நின்றுவிட்டேன். அதனால் என்னை நடுநிலையாளன் என்று நினைத்துப் படிக்க வேண்டாம்.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். எஸ்பியின் திரை 2.9 அங்குலம், 240க்கு 160 புள்ளிகள். ஸ்டீம் டெக் ஓஎல்இடி 7.4 அங்குலம், 1280க்கு 800. 2025-இல் வந்த ஸ்விட்ச் 2 இன்னும் பெரிது, 7.9 அங்குலம், 1080பி. வேகம், வண்ணம், ஒலி, ஆன்லைன், எதிலும் எஸ்பி பக்கத்தில்கூட நிற்க முடியாது. அதில் ஹெட்போன் ஓட்டையே கிடையாது. சார்ஜ் ஏற்றும் இடத்தில் தனியாக ஓர் அடாப்டரைச் செருகித்தான் கேட்க வேண்டும். சரி, போதும்.

நான் ஆடுகிற விதம் இப்படி: ஒரு வாரம் விடாமல் ஆடுவேன், அப்புறம் மூன்று மாதம் திரும்பிப் பார்க்க மாட்டேன். அப்படிப்பட்ட ஆளுக்குக் கருவியின் வேகம் இரண்டாம் பட்சம். கிடப்பில் போட்டால் எழுந்து வருமா, வராவிட்டால் நானே எழுப்ப முடியுமா என்பதுதான் கேள்வி. அது முழுக்க முழுக்கப் பேட்டரி விவகாரம்.

லித்தியம் பேட்டரி சும்மா கிடந்தாலும் மெல்ல வடியும். ஒரு மட்டத்துக்குக் கீழே வடிந்துவிட்டால் அதன் பாதுகாப்புச் சுற்று கதவைச் சாத்திக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு நேரம் சார்ஜரில் போட்டாலும் ஏறாமல் போகலாம். மாறாக, முழுக்க ஏற்றிச் சூடான இடத்தில் நெடுநாள் வைத்தால் உள்ளே வாயு சேர்ந்து உப்பும். பாதி அளவு ஏற்றி, சூடில்லாத இடத்தில் வைப்பதுதான் நல்லது. ஸ்விட்ச்சை ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது சார்ஜ் செய்யுங்கள் என்று நின்டெண்டோவே சொல்கிறது. செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி இதற்கும் நாள் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். நான் செடியையே காயவிடுகிற ஆள்.

இன்னொரு சங்கதியும் உண்டு. புதிய கருவிகளில் பவர் பட்டனைத் தட்டினால் அது அணைவதில்லை, தூங்கப் போகிறது. தூக்கத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேட்டரியைத் தின்றுகொண்டுதான் இருக்கும். விட்ட இடத்திலிருந்து நொடியில் தொடர முடிவது பெரிய சுகம்தான், மறுக்கவில்லை. எஸ்பியில் இருப்பது நிஜமான தள்ளு சுவிட்ச். அணைத்தால் அணைந்தது. சேவ் செய்யாமல் அணைத்தால் ஆட்டமும் போனது, அது வேறு கதை.

அந்த ஆறேழு மாதத்தை எஸ்பி தாண்டியதற்கு அதன் பழமை மட்டும் காரணமில்லை. இடையில் ஒரு முறை நான் பேட்டரி மாற்றியிருக்கிறேன். கவிழ்த்துப் பார்த்தால் முதுகில் ஒரு சின்ன மூடி, அதில் ஒரே ஒரு ஸ்க்ரூ. வீட்டில் கிடக்கும் சின்ன பிளஸ் ஸ்க்ரூடிரைவர் போதும். மூடியைத் தூக்கினால் தீப்பெட்டியைவிடத் தட்டையான ஒரு கட்டி. நகத்தால் நெம்பி எடுத்து, புதியதை அதே பக்கமாக வைத்து அழுத்தினால் முடிந்தது. ஒயர் இல்லை, பசை இல்லை. இரண்டு நிமிட வேலை, அதில் ஒரு நிமிடம் கீழே உருண்ட ஸ்க்ரூவைத் தேடியது. கருவி வந்து இருபது வருடம் தாண்டியும் வேறு நிறுவனங்கள் இந்தப் பேட்டரியை இன்னும் செய்துகொண்டிருக்கின்றன. வாங்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அசல் பேட்டரி 600 எம்ஏஎச். அதே அளவுக் கட்டியில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று அச்சடித்திருந்தால் நம்ப வேண்டாம். விளக்கோடு ஆடினால் பத்து மணி நேரம், விளக்கை அணைத்தால் பதினெட்டு என்பது அந்தக் காலத்து நின்டெண்டோ கணக்கு.

இதோடு ஸ்டீம் டெக்கை வைத்துப் பார்க்கலாம். நண்பர் ஒருவர் தன்னுடையதை இரண்டு வாரம் இரவல் தந்திருந்தார். அந்த இரண்டு வாரமும் பிரமாதம். கணினியில் ஆடும் பெரிய கேம்களைச் சோபாவில் சாய்ந்து ஆடுவது சாதாரண விஷயமில்லை. ஆனால் இரண்டு வாரத்தில் எந்தக் கருவியும் கெட்டுப்போகாது. ஆகவே அதன் ஆயுளைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்வது சரியாக இருக்காது. பழுது பார்க்கும் விஷயத்தில் வால்வ் மற்றவர்களைவிட நேர்மையாக நடந்துகொண்டிருக்கிறது என்பதை மட்டும் சொல்லலாம். பின்மூடியில் இருப்பவை எளிதில் கிடைக்கும் ஸ்க்ரூடிரைவரால் கழற்றக்கூடிய ஸ்க்ரூக்கள், உதிரி பாகங்களைப் பழுதுபார்ப்பு நிறுவனமான ஐஃபிக்ஸிட் விற்கிறது, ஸ்டிக்கையும் கேம்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டியையும் நாமே மாற்றலாம். திறப்பதற்கு முன் மைக்ரோ எஸ்டி கார்டை எடுத்துவிட வேண்டும், மறந்தால் மூடியைக் கழற்றும்போது கார்டு இரண்டாக முறியும். பேட்டரியை 'ஸ்டோரேஜ்' நிலைக்கும் மாற்றிவிட வேண்டும்.

இவ்வளவு தூரம் வந்தபின் பேட்டரியில் முட்டுகிறது. அதைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். சூடுகாட்டி, ஆல்கஹால் விட்டு, வளைக்காமல் நெம்பி எடுக்க வேண்டும். லித்தியம் பேட்டரியை நெம்புவது எனக்குப் பயமாக இருக்கிறது. கைத்திறன் உள்ளவர்கள் சிரிக்கலாம். கூடவே எடை: ஓஎல்இடி மாடல் 640 கிராம், எஸ்பி 143. படுத்துக்கொண்டு ஆடும்போது முகத்தில் விழுந்தால் எது பரவாயில்லை என்று நீங்களே சொல்லுங்கள்.

ஸ்விட்ச்சில் இன்னும் ஒரு படி கஷ்டம். பின்மூடியில் மூன்று முனை ஸ்க்ரூக்கள், அதற்கென்று தனி ஸ்க்ரூடிரைவர் வேண்டும். உள்ளே பேட்டரி இங்கேயும் ஒட்டித்தான் இருக்கிறது. போதாததற்கு, பக்கவாட்டில் மாட்டும் ஜாய்கான் கட்டுப்பாட்டுக் கருவியின் ஸ்டிக் தானாக நகரும் புகழ்பெற்ற பிரச்சினை. ஸ்டிக்குக்கு உள்ளே கார்பன் பூச்சின் மேல் உலோகத் தொடுமுனை உரசிக்கொண்டே இருக்கும். பூச்சுத் தேயத் தேய, நாம் தொடாமலேயே பாத்திரம் ஒரு பக்கமாக நடக்கும். எஸ்பியில் ஸ்டிக்கே இல்லை. பட்டனுக்கு அடியில் ரப்பர், ரப்பருக்கு அடியில் கரி வில்லை, அது பலகையைத் தொட்டால் வேலை முடிந்தது. அழுத்தம் பிடிக்காவிட்டால் பெரும்பாலும் அழுக்குதான் காரணம். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சில் துடைத்தால் சரியாகும்.

இந்தப் பேட்டரிக் கதை ஒன்றும் புதிதில்லை. 1989-இல் முதல் கேம்பாய் வந்தபோது அதன் திரை பச்சை கலந்த நான்கு சாம்பல் நிறங்களோடு பார்க்கப் பாவமாக இருந்தது. அதே ஆண்டு அட்டாரி லிங்க்ஸ், அடுத்த ஆண்டு சேகா கேம் கியர், இரண்டும் வண்ணத் திரையோடு பின்விளக்கும் போட்டு வந்தன. இரண்டுக்கும் ஆறு டபுள்-ஏ பேட்டரி. கேம் கியர் அவற்றை மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் குடித்துத் தீர்த்தது. கேம்பாய் நான்கு பேட்டரியில் அதைப் போலப் பல மடங்கு நேரம் ஓடியது. பழகி, விலை குறைந்து, நம்பகமான தொழில்நுட்பத்தைப் புது விதமாகப் பயன்படுத்து என்பதே கேம்பாயை உருவாக்கிய குன்பே யோகோயின் கொள்கை. வண்ணம் போட்டவர்கள் தோற்றார்கள்.

அப்படியானால் டபுள்-ஏ போடும் 2001 கேம்பாய் அட்வான்ஸ் இன்னும் மேல் அல்லவா என்று கேட்கலாம். பேட்டரிக் கணக்கில் ஆமாம். ஆனால் அதன் திரையில் விளக்கே இல்லை. ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்து ஆட எனக்குப் பொறுமை போய்விட்டது. பேட்டரியை உள்ளேயே மறந்துவிட்டால் கசிந்து தகடுகளில் பூத்துவிடும் என்பது இன்னொரு தலைவலி.

எஸ்பியின் குறையைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை, அது கார்ட்ரிட்ஜில், அதாவது கேம் அடங்கிய செருகு பெட்டியில் இருக்கிறது. போலிகள் மலிந்துவிட்டன. அசல் கார்ட்ரிட்ஜில் லேபிளின் மேல் இரண்டு இலக்க எண் அழுந்தி இருக்கும், சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். கீழே தொடுமுனைகளுக்கு மேல் பலகையில் நின்டெண்டோ பெயர் அச்சாகியிருக்கும். இன்னும் பழைய கேம்பாய் கார்ட்ரிட்ஜ்களை இதில் ஆடினால் வேறொரு சிக்கல்: பலவற்றில் சேவ் செய்ததைக் காப்பது உள்ளே பற்றவைத்த ஒரு நாணய பேட்டரி. கடிகாரமும் சேர்ந்து ஓடும் போக்கிமான் கோல்டு, சில்வர் போன்றவற்றில் அது சீக்கிரமே தீரும், தீர்ந்தால் சேவும் போகும். என்னிடமிருந்த ஒன்றில் பள்ளி நாட்களில் ஆடியது அத்தனையும் போய்விட்டது. மாற்றுவதற்குச் சால்டரிங் தெரிய வேண்டும். எனக்குத் தெரியாது.

டவுன்லோடு செய்வதே நிம்மதி என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நின்டெண்டோவின் 3டிஎஸ் கருவியின் ஆன்லைன் கடையில் வாங்குவது 2023 மார்ச்சோடு நின்றுபோனது. ஸ்விட்ச் 2-இல் சில கேம்களின் கார்டில் கேமே இருக்காது, டவுன்லோடு செய்ய அனுமதிக்கும் சாவி மட்டும்தான்.

நடுவழி ஒன்றும் உண்டு: பழைய கார்ட்ரிட்ஜைப் புதிய திரையில் ஆடவிடும் அனலாக் பாக்கெட். 1600க்கு 1440 புள்ளிகள், அதாவது முதல் கேம்பாய் திரையைப் போல அகலத்திலும் உயரத்திலும் சரியாகப் பத்து மடங்கு. படம் கத்தி மாதிரி இருக்கும். ஐந்து நிமிடம்தான் கையில் வைத்துப் பார்த்தேன், ஆகவே அழகு என்பதற்கு மேல் பேச மாட்டேன். பழைய கருவிகளைப் போல நடித்து அவற்றின் கேம்களை ஓட்டும் மலிவான எமுலேட்டர் கருவி வாங்குபவர்கள் அதோடு வரும் மைக்ரோ எஸ்டி கார்டை முதல் நாளே தூக்கிப்போட்டு நல்லது ஒன்றைப் போடுங்கள்.

தினமும் ஆடுபவராக இருந்தால் என் பேச்சைக் கேட்காதீர்கள், ஸ்டீம் டெக்கை வாங்குங்கள். தினமும் சார்ஜ் ஏறும் கருவிக்கு டிராயர் பயம் இல்லை. ஸ்விட்ச் பக்கம் சாய்பவர்கள் அவசரம் இல்லாவிட்டால் பொறுக்கலாம். 2027 பிப்ரவரி 18 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் கருவிகளில் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. அதற்காகச் செய்யும் மாற்றம் மற்ற நாடுகளுக்கும் வந்தால் நானும் மனம் மாறுவேன்.

எஸ்பியே வாங்கப் போகிறீர்கள் என்றால், ஏஜிஎஸ்-101 என்ற மாடலைத் தேடுங்கள். அதற்குத்தான் பின்விளக்கு, பழைய 001-இல் முன்பக்கமிருந்து ஒளி அடிக்கும், வண்ணம் வெளிறித் தெரியும். லேபிள் மாற்றி ஒட்டி ஏமாற்றுவார்கள். ஆன் செய்து திரைக்குக் கீழே நடுவிலுள்ள விளக்கு பட்டனை அழுத்துங்கள். விளக்கு முழுதும் அணைந்தால் 001, வெளிச்சம் கூடிக் குறைந்தால் 101. மடிக்கும் கீலில் விரிசல் இருக்கிறதா, எல், ஆர் பட்டன்கள் 'டக்' என்று பிடிக்கின்றனவா என்றும் பாருங்கள், முதலில் தேய்வது பெரும்பாலும் அவைதான். என்னுடையது 001. இருட்டில் வெளிறித்தான் தெரிகிறது, பழகிவிட்டது.