பின்தையல் ஸ்டாக்கிங்ஸா, தையலற்றதா?

1940களின் புகைப்படங்களில் பெண்கள் அணிந்த ஸ்டாக்கிங்ஸில், அதாவது தொடை வரை நீளும் மெல்லிய காலுறைகளில், குதிகாலிலிருந்து பின்புறமாக நேராக ஏறும் கருங்கோடு அழகுக்காகச் சேர்க்கப்பட்டதுபோலத் தோன்றினாலும், உண்மையில் அது தயாரிப்பு முறை விட்டுச்சென்ற தடமே. ‘ஃபுல்லி ஃபேஷன்ட்’ எனப்படும் அந்த வகையில் துணியைத் தட்டையாகப் பின்னி, கணுக்காலை நெருங்க நெருங்க ஓரக் கண்ணிகளை (பின்னல் வளையங்களை)க் குறைத்து, கடைசியில் இரு ஓரங்களையும் சேர்த்துத் தைப்பார்கள். 1864இல் இங்கிலாந்தின் வில்லியம் காட்டன் காப்புரிமை பெற்ற இயந்திரம் இந்த வேலையைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டு சென்றது.

தையலற்ற வகையோ வட்டப் பின்னல் இயந்திரத்தில் குழாயாக வெளிவருவது. திருப்பூரின் பனியன் துணிக்கும் அடிப்படை இதே முறைதான். தொடைக்கும் கணுக்காலுக்கும் ஊசிகளின் எண்ணிக்கை மாறாததால், பட்டு, பருத்தி நூல்களில் பின்னியபோது இது கணுக்காலில் தொளதொளவென்று தொங்கியது. விலை குறைவு என்பதைத் தவிர இதற்கு வேறு பெருமை இருக்கவில்லை.

இந்த நிலையை மாற்றியது நைலான். கால் வடிவ அச்சில் மாட்டிச் சூடாக்கினால் அந்த வடிவத்தையே பிடித்துக்கொள்ளும் இழை அது. 1940 மே 15 அன்று அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்து பின்தையல் ஸ்டாக்கிங்ஸைப் புகழின் உச்சிக்கு ஏற்றிய அதே நைலான்தான், மலிவான போட்டியாளரின் பெருங்குறையையும் நீக்கிவிட்டது என்பதே இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் சுவையான பகுதி. போர்க்காலத்தில் நைலான் பாராசூட்டுக்குப் போனபோது, வெறுங்காலில் புருவப் பென்சிலால் கோடு வரைந்துகொள்ளும் அளவுக்குத் தையலின் மீது மோகம் இருந்தது. ஆனாலும் 1950களின் இறுதியில் தையலற்றதே முந்தத் தொடங்கியது. 1959இல் வட கரோலினாவின் கிளென் ரேவன் ஆலை, இடுப்பு வரை ஒரே உடையாக வரும் பேண்டிஹோஸைக் கொண்டுவர, அடுத்து மினி ஸ்கர்ட்டும் வந்து சேர, கார்ட்டர் எனும் பிடிப்பட்டையில் மாட்டும் இரு வகைகளுமே பின்தள்ளப்பட்டன.

இன்று பழைய பாணியை விரும்பி வாங்குவோர் கவனிக்க வேண்டியது, வட்டப் பின்னலின் மீது போலித் தையல் ஓட்டியவையும் சந்தையில் உண்டு என்பதை. அசலில் மேல்பட்டையின் பின்புறம் ஒரு சிறு துளையும், கண்ணி குறைத்த இடங்களில் தையலை ஒட்டி நுண்ணிய புள்ளிகளும் தெரியும். அசல் நைலான் அதிகம் இழுபடாது. பாத அளவும் கால் நீளமும் சரியாக அமைந்தால் அதன் பொருத்தத்துக்கு ஈடில்லை, பிசகினால் முழங்காலில் சுருக்கம் விழும். அளவு பார்த்து வாங்கப் பொறுமை இல்லாதவர்களுக்குத் தையலற்றதே போதும்.