களைப்பு நோய்க்கு ஸ்பெஷலிஸ்ட் என்று சொல்லி 46,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள், பணம் கட்டுவதற்கு முன் படியுங்கள்

வீடியோவில் டாக்டரைக் காட்டுகிறோம் என்ற ஒரு ஆப்பிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறோம், இன்று காலையும் அதே பதில்தான் வந்தது. "உங்க டிக்கெட் ப்ராசஸ்ல இருக்கு மேடம்." கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அவர்களின் விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. போனது 46,500 ரூபாய், அத்தான் சீட்டு எடுத்து வைத்திருந்த பணம்.

ஒரு வைரஸ் காய்ச்சல் வந்து போனதிலிருந்து அக்காவின் உடம்பு பழையபடி ஆகவே இல்லை. ஒருநாள் சமையலை முடித்து, துணியும் மடித்து வைத்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியாது. தைராய்டு, ஹீமோகுளோபின், பி12, ஈஎஸ்ஆர் எல்லாம் நார்மல். ரிப்போர்ட் நார்மல் என்றதும் பார்த்த டாக்டர்களில் பாதிப் பேர் "மனசைத் தேத்திக்கோங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். குரோம்பேட்டையில் எங்கள் குடும்ப டாக்டர்தான் இது க்ரானிக் ஃபடீக் சிண்ட்ரோமாக (தீராத களைப்பு நோய்) இருக்கலாம், தெரிந்தவர் யாராவது பார்த்தால் நல்லது என்றார். எந்த ஆஸ்பத்திரி ஓபியிலும் அக்காவால் இரண்டு மணி நேரம் உட்கார முடியாது. அதனால் வீடியோவிலேயே ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்க வைக்கிறோம் என்கிற ஒரு ஆப்பில் நம்பரைக் கொடுத்தோம்.

உடனே ஒரு பெண் கூப்பிட்டார், அருமையான தமிழ். அக்கா சொல்லி முடிக்கும் முன்பே, "வேலை செஞ்ச அன்னைக்கு இல்ல, ரெண்டாவது நாள்தானே அடிச்சுப் போடுது சிஸ்டர்?" என்று கேட்டார். அக்கா போனைப் பிடித்துக்கொண்டே அழுதுவிட்டாள். இத்தனை நாளில் அவள் சொல்லாமலே இதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். "எங்க டாக்டர் டி.எம். ருமட்டாலஜி, இந்த நோய்க்குன்னே இருக்கார், மூணு மாச பேக்கேஜ் 34,500, இன்னைக்கே கட்டினா நாளைக்கே ஸ்லாட்." (டி.எம். என்றால் எம்.டி.க்கு மேல் படிக்கும் பட்டம், ருமட்டாலஜி என்றால் மூட்டுவாத நோய்ப் பிரிவு.) அத்தான் அரை மணி நேரத்தில் ஜிபே செய்துவிட்டார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் கட்டினோம், அது அவர்களுக்கும் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

மறுநாள் வீடியோவில் வந்தது ஆப்பில் படம் போட்டிருந்த டாக்டர் இல்லை. "நான் சீனியர் சாரோட டீம்" என்றார் ஒருவர். கால் மணி நேரம்கூட பேசவில்லை. நோயை உறுதி செய்ய ஸ்பெஷல் பேனல் டெஸ்ட் வேண்டும், 12,000 ரூபாய், அவர்கள் சொல்லும் லேபில்தான் எடுக்க வேண்டும் என்றார். அதையும் சேர்த்துத்தான் 46,500. இந்த நோயை உறுதி செய்கிற ரத்தப் பரிசோதனை உலகத்தில் எங்கேயும் இன்னும் கிடையாது. வேறு நோய்கள் இல்லை என்று பார்த்து, அறிகுறிகளைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். இதைக் குடும்ப டாக்டர் அப்புறம் விளக்கிச் சொன்னார், அதற்குள் லேபுக்குப் பணம் போய்விட்டது.

டெஸ்ட் முடிந்ததும் ஒரு அட்டவணை அனுப்பினார்கள். தினமும் நடக்க வேண்டும், வாரா வாரம் நேரத்தைக் கூட்ட வேண்டும், முடியவில்லை என்றாலும் நிறுத்தக் கூடாது. அக்கா நிஜமாகவே முயன்றாள். இப்போது குளிப்பதற்கும் அம்மா பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கேட்டால் "உடம்பு பழகுது மேடம், முதல்ல அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். உழைப்புக்குப் பிறகு அடித்துப் போடுகிற இந்த அறிகுறி கட்டாயம் இருந்தால்தான் இந்த நோய் என்று 2015-லேயே அமெரிக்க நிபுணர் குழு வரையறுத்துவிட்டது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இப்படி நிர்ணயித்த அளவில் உடற்பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போகும் திட்டத்தைக் கொடுக்கக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. எந்த அறிகுறியைச் சொல்லி எங்களை நம்ப வைத்தார்களோ, அதைக் கிளறிவிடுகிற சிகிச்சையையே விற்றிருக்கிறார்கள். பணத்தைவிட இதுதான் எனக்கு ஆறவே இல்லை.

சரி, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றால், "ஆலோசனை தொடங்கிட்டதால ரீஃபண்ட் பாலிசியில வராது." சீனியர் டாக்டரிடம் பேச வேண்டும் என்றால், "சார் கான்ஃபரன்ஸ்ல இருக்கார்." அருமையாகப் பேசிய அந்தப் பெண்ணின் நம்பருக்கு அடித்தால் ரிங் போகிறது, எடுப்பதில்லை, வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது. பில்லில் இருந்த முகவரிக்கு அத்தான் நேரில் போனார், அது வாடகைக்கு மேசை கொடுக்கும் அலுவலகம், ரிசப்ஷனில் அப்படி யாரும் வருவதில்லை என்றார்கள். மருந்துச் சீட்டில் பதிவு எண்ணே இல்லை. வீடியோவில் வந்தவரின் பெயரை மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் தேடினோம், கிடைக்கவில்லை. அழுத்திக் கேட்ட பிறகு "அவர் ஹெல்த் கோச்" என்று மெசேஜ் வருகிறது! 46,500 ரூபாய்க்கு ஒரு டாக்டரைக்கூடப் பார்க்கவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், அக்காவை வைத்துக்கொண்டு இப்போது இவ்வளவுதான் முடிகிறது. பணம் கட்டும் முன்பே டாக்டரின் பெயரையும் பதிவு எண்ணையும் கேளுங்கள், தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் தளத்தில் நீங்களே தேடுங்கள். 2020 டெலிமெடிசின் (போன், வீடியோ வழி மருத்துவ ஆலோசனை) விதிகளின்படி மருந்துச் சீட்டில் அந்த எண் இருந்தே ஆக வேண்டும், தர மறுத்தால் போனை வைத்துவிடுங்கள். இந்த நோய்க்கென்று தனி டி.எம். பட்டம் எதுவும் இல்லை, ருமட்டாலஜிஸ்ட்டோ நியூராலஜிஸ்ட்டோ வேறு நோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அதற்கு சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலேயே ருமட்டாலஜி பிரிவு இருக்கிறது. மூன்று மாதப் பணத்தை மொத்தமாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். நடக்கச் சொல்லி, நடந்ததும் மோசமானால் அன்றைக்கே நிறுத்துங்கள்.

ஏற்கெனவே கட்டியவர்கள் சாட், பில், ஜிபே ரசீது எதையும் அழிக்காதீர்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் நாங்கள் புகார் கொடுத்துவிட்டோம். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம், நாம் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே புகாருக்குக் கட்டணம் கிடையாது. இதே மாதிரி ஏமாந்தவர்கள் சென்னையில் இருந்தால் நீங்களும் புகார் கொடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.