சலவை நோட்டா, சில்லறை நோட்டா?

என்னிடம் இருந்த ஏழு பெரிய அளவு டாலர் நோட்டுகளில் ஆறைப் போன வருடம் விற்றுவிட்டேன். அந்தப் பணத்தில் அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் வரத் தொடங்கிய சில்லறை நோட்டுகளை வாங்கினேன். மூன்று சென்ட் முதல் ஐம்பது சென்ட் வரை மதிப்புள்ள, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் தாள்கள் அவை. என்னோடு சேகரிக்கும் நண்பர்களுக்கு இது பிடிக்கவில்லை. யானையை விற்றுப் பூனை வாங்கியிருக்கிறாய் என்றார் ஒருவர். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். பழைய அமெரிக்கப் பணத்தாள் சேகரிக்கத் தொடங்குபவர்களில் பலர் முதல் ஒரு வருடத்திலேயே இந்த இரண்டுக்கும் நடுவில் வந்து நிற்கிறார்கள்.

பெரிய நோட்டுகளின் அழகைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1861 முதல் 1929 வரை அமெரிக்க அரசு அச்சிட்ட இவை இன்றைய டாலரைவிட நீளத்திலும் அகலத்திலும் பெரியவை. செலவைக் குறைப்பதற்காக 1929 ஜூலையில்தான் நோட்டு இன்றைய அளவுக்குச் சுருங்கியது. 1901 வரிசைப் பத்து டாலரில் நடுவில் காட்டெருமை, இரண்டு பக்கமும் லூயிஸ், கிளார்க் என்ற இரு பயணிகள். 1899 வரிசை ஒரு டாலர் வெள்ளிச் சான்றில், அதாவது கொடுத்தால் ஈடாக வெள்ளி தருவதாக அரசு உறுதியளித்த நோட்டில், சிறகு விரித்த கழுகு, அதன் கீழே லிங்கனும் கிராண்டும். சேகரிப்பாளர்கள் இதைக் கருங்கழுகு என்றே அழைக்கிறார்கள். அதே 1899 வரிசை ஐந்து டாலரில் லக்கோட்டா இனத் தலைவர் ரன்னிங் ஆன்டிலோப்பின் முகம். இவற்றில் ஏதாவது ஒன்றைச் சுவரில் மாட்டினால் வீட்டுக்கு வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். சில்லறை நோட்டுக்கு அந்தக் கம்பீரம் கிடையாது.

போட்டியில் வேறு இரண்டும் உண்டு. உள்நாட்டுப் போரில் அமெரிக்காவிலிருந்து பிரிந்து நின்ற தெற்கு மாநிலங்களின் கூட்டமைப்பு 1861 முதல் 1864 வரை வெளியிட்ட நோட்டுகள் ஒன்று. 1864 வெளியீடு இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் போலிகளும் போலவே அச்சிட்ட நினைவுப் பிரதிகளும் அதைவிடத் தாராளம். போர் நடந்துகொண்டிருந்தபோதே பிலடெல்பியாவில் சாமுவேல் அபாம் என்ற கடைக்காரர் இந்த நோட்டுகளின் பிரதிகளை அச்சிட்டு விற்றார். ஓரத்தில் இருந்த அவர் பெயரை வெட்டி எடுத்துவிட்டால் பிரதியே அசல் நோட்டைப் போல ஆகிவிடும். பருத்திக் காட்டில் அடிமைகள் மண் கொத்தும் படம் சில கூட்டமைப்பு நோட்டுகளில் அலங்காரமாகவே பொறிக்கப்பட்டிருக்கிறது. வரலாற்றுக்கு அது சாட்சி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வீட்டில் வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. இன்னொன்று, 1863 முதல் 1935 வரை ஊர் ஊராக இருந்த தேசிய வங்கிகள் தம் பெயரில் வெளியிட்டவை. நான் வாங்கியவை இரண்டே இரண்டு. அவற்றை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயம் ஆகாது. ஊரின் பெயரைப் பொறுத்தே விலை ஏறி இறங்கும் என்பதால், குறிப்பிட்ட ஊரோடு உறவுள்ளவருக்கு அது மிகப் பொருத்தமாக இருக்கும் என்று மட்டும் தோன்றுகிறது.

இனி சில்லறை நோட்டுக்கு வருகிறேன். 1861 இறுதியில் அமெரிக்க வங்கிகள் தாளைக் கொடுத்தால் தங்கம் தருவதை நிறுத்தின. தாளின் மதிப்பு சரியச் சரிய, மக்கள் காசுகளைப் பதுக்கினார்கள். 1862 கோடையில் கடையில் ரொட்டி வாங்கினால் மீதி கொடுக்கச் சில்லறை இல்லை. ஜனங்கள் தபால்தலையைச் சில்லறையாகக் கொடுத்து வாங்க ஆரம்பித்தார்கள். வியர்வைக் கையில் தபால்தலை என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பசைக் கட்டியானது. அப்போது அரசின் பொருளாளராக இருந்த பிரான்சிஸ் ஸ்பின்னர், தாளில் தபால்தலைகளை ஒட்டிச் சில்லறையாகக் கொடுத்துப் பார்த்தார். அந்த யோசனையே அச்சுக்குப் போய், 1862 ஆகஸ்டில் தபால் பணம் என்ற பெயரில் வெளிவந்தது. 1876 வரை மொத்தம் ஐந்து வெளியீடுகள்.

முதல் வெளியீட்டு இருபத்தைந்து சென்ட் நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. ஜெபர்சன் முகமுள்ள ஐந்து சென்ட் தபால்தலை ஐந்து, சீட்டுக்கட்டை விரித்ததைப் போல ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்திருப்பதாகப் பழுப்பு மையில் அச்சு. தபால்தலையைப் போலவே நான்கு ஓரமும் துளைப் பற்கள். பிந்தைய அச்சில் பற்கள் போய் நேர் ஓரம் வந்தது. இந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு அந்த வருடத்து நெருக்கடியைப் பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியவைத்துவிடலாம். என் வீட்டில் செய்து பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் வெளியீட்டில் கள்ள அச்சைத் தடுக்க வாஷிங்டன் முகத்தைச் சுற்றி வெண்கலப் பொடியால் ஒரு முட்டை வடிவ வளையம் பதித்தார்கள். நூற்றைம்பது வருடத்தில் அந்த வெண்கலம் பல நோட்டுகளில் கறுத்துவிட்டது. சிலவற்றில் பச்சை பூத்திருக்கிறது. பளபளப்பு மிஞ்சிய ஒன்றைக் கண்டால் நான் விடுவதில்லை. மூன்றாம் வெளியீட்டு ஐந்து சென்டில் ஸ்பென்சர் கிளார்க்கின் முகம் இருக்கிறது. அந்த நோட்டுகளை அச்சிட்ட அரசு அலுவலகத்துக்குத் தலைவரே அவர்தான். உயிரோடு இருந்த அதிகாரி தன் முகத்தையே பணத்தில் போட்டுக்கொண்டதைக் கண்டு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கொதித்தது. உயிரோடு இருப்பவர் படம் பணத்தாளில் கூடாது என்று 1866 ஏப்ரலில் சட்டமே வந்தது. ஒரு சட்டத்துக்குக் காரணமான தாளைப் புழங்கிய நிலையில் சில பத்து டாலருக்கு வாங்க முடிகிறது என்பது எனக்கு இன்னமும் ஆச்சரியம்தான்.

கதைகள் எந்த நோட்டிலும் உண்டு. பெரிய நோட்டிலும் நிறைய உண்டு. என் முடிவைத் தீர்மானித்தது கதை அல்ல, தாள்.

தமிழில் புத்தம் புதிய, மடிப்பு விழாத நோட்டைச் சலவை நோட்டு என்று பெருமையாகச் சொல்கிறோம். மொய் எழுதவும் பொங்கலுக்குப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் சலவை நோட்டைத் தேடி வாங்கி வருவோம். பணத்தாள் சேகரிப்பில் அந்தச் சொல்லுக்கு நேர்மாறான பொருள் வந்துவிடுகிறது. இங்கே நோட்டை உண்மையிலேயே சலவை செய்கிறார்கள். அழுக்கு போக நீரில் அலசி, ஈரத்தோடு வைத்து அழுத்தி, மடிப்பை மறைத்து, ஊசித்துளையை அடைத்து, பிய்ந்த மூலையை வேறு பழந்தாளின் நாரால் கட்டி விற்கிறார்கள். பார்க்க அசல் சலவை நோட்டைப் போலவே இருக்கும். விலையும் அப்படியே சொல்வார்கள்.

நான் ஏமாந்தது ஒரு கருங்கழுகில். ஒரு கண்காட்சி மேசையில் உறைக்குள் வைத்துக் காட்டினார்கள். வெள்ளையாக, நிமிர்ந்து நின்றது. நானூறு டாலர் கொடுத்தேன். நான்கு வருடம் கழித்து விற்கப் போனபோது, இன்னொரு வியாபாரி அதை உறையிலிருந்து எடுத்து, விளக்குக்கு நேரே பிடித்து, என்னையும் பார்க்கச் சொன்னார். கழுகின் இடது சிறகுக்கு மேலே இரண்டு புள்ளிகளில் வெளிச்சம் வேறு மாதிரி ஊடுருவியது, அடைக்கப்பட்ட ஊசித்துளைகள். பிறகு நோட்டைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்து சாய்த்தார். செதுக்குத் தகட்டில் அச்சான நோட்டில் மை தாளுக்கு மேல் மேடாக நிற்க வேண்டும். விரலால் தடவினால் சொரசொரக்கும். என் நோட்டில் எல்லாம் மழமழவென்று படிந்திருந்தது. அழுத்தியிருக்கிறார்கள். கடைசியில் நூற்றைம்பதுக்கு மேல் அவர் கொடுக்கவில்லை. அது சரியான விலைதான் என்று இன்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து மற்ற ஆறையும் அதே மாதிரி விளக்கில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றில் ஓரக் கிழிசல் ஒட்டப்பட்டிருந்தது. இன்னொன்று நிச்சயமாக நனைந்த தாள். ஏழில் மூன்று கைவைத்தவை.

இதற்குக் காரணம் விலை அமைப்பு. கருங்கழுகோ காட்டெருமையோ, நன்கு புழங்கிய நோட்டுக்கும் மடிப்பே இல்லாத நோட்டுக்கும் விலை பல மடங்கு மாறுகிறது. அரை மணி நேரக் கைவேலையில் அத்தனை லாபம் இருக்கும்போது, அந்த வேலையைச் செய்ய ஆள் இருக்கத்தான் செய்வான். கைவைக்காத, நல்ல நிலைப் பெரிய நோட்டு வேண்டுமென்றால் பி.எம்.ஜி., பி.சி.ஜி.எஸ். போன்ற தரச் சான்று நிறுவனங்கள் எழுபது புள்ளி அளவில் மதிப்பிட்டு உறையிட்டதை வாங்குவதே பத்திரம். அந்த உறையில் தாளின் இயல்பு கெடவில்லை என்ற குறிப்பும் சேர்ந்திருக்க வேண்டும். அப்படிப்பட்டது சாதாரணச் சம்பளக்காரரின் கைக்கு எட்டாது. எட்டுவது நடுத்தர நிலையில் உள்ள நோட்டு. சலவை அதிகம் நடப்பதும் அந்த நிலையில்தான்.

சில்லறை நோட்டில் இந்தக் கணக்கு மாறுகிறது. மடிப்பே விழாத பல வகைகள் இன்றும் சாதாரண விலைக்குக் கிடைக்கின்றன. ஐந்தாம் வெளியீட்டுப் பத்து சென்ட் ஒன்றை, வங்கியிலிருந்து நேற்று வந்ததைப் போன்ற மொடமொடப்போடு, நூறு டாலரைத் தொடாமல் வாங்கினேன். நல்லதே அந்த விலைக்குக் கிடைக்கும்போது, கெட்டதைத் துவைத்து நல்லதாக்குவதில் யாருக்கும் பெரிய லாபம் இல்லை. அதனால் பழைய தாள் எப்படி இருக்க வேண்டும் என்று என் விரல் கற்றுக்கொண்டதே இந்த நோட்டுகளில்தான். நான்காம் வெளியீட்டுத் தாளில் பதிந்திருக்கும் நார்களை உருப்பெருக்கியில் பார்த்துப் பழகிய பிறகு, நீரில் ஊறிய தாள் எதுவாக இருந்தாலும் எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது.

சில்லறை நோட்டிலும் ஏமாற்று இல்லாமல் இல்லை. அங்கே அது ஓரத்தில் நடக்கிறது. முழுத் தாளாக வந்தவற்றை அந்தக் காலத்தில் கத்தரியால் அவசரமாக வெட்டிப் பிரித்திருக்கிறார்கள். ஒரு பக்கம் ஓரம் தாராளமாக இருக்கும், மறுபக்கம் படத்தையே கடித்திருக்கும். நான்கு பக்கமும் சமமான ஓரம் இருந்தால் விலை கூடும். அதற்காகப் பிற்காலத்தில் ஓரத்தைச் செதுக்கிச் சமப்படுத்துகிறவர்கள் உண்டு. ஆனால் இதைக் கண்டுபிடிக்க விளக்கும் அனுபவமும் வேண்டாம், ஓர் அளவுகோல் போதும். அளவு குறைந்து, ஓரம் பழைய நிறத்தில் இல்லாமல் புதிதாக வெட்டியதைப் போலப் பளிச்சென்று இருந்தால் வேண்டாம் என்று வைத்துவிடலாம். ஐம்பது சென்ட் நோட்டுகளில் குறிப்பாக அந்தக் காலத்துக் கள்ள அச்சு குறுக்கிடும். நான்காம் வெளியீட்டில் லிங்கன் படமிட்ட ஐம்பது சென்டைக் கள்ள அச்சுத் தொல்லையால் கைவிட்டு, முன்னாள் போர் அமைச்சர் ஸ்டான்டன் படத்துக்கும் பிறகு பழைய நிதி அமைச்சர் டெக்ஸ்டர் படத்துக்கும் மாறினார்கள். இன்று அந்தக் கள்ள நோட்டுகளையே தனியாகச் சேகரிப்பவர்களும் உண்டு.

மறுவிற்பனையில் பெரிய நோட்டுக்குத்தான் முதலிடம். கருங்கழுகை எந்த ஊர்ப் பழங்காசுக் கடையிலும் உடனே எடுத்துக்கொள்வார்கள். சில்லறை நோட்டைக் காட்டினால் பல கடைக்காரர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள். அது தெரிந்த வியாபாரியைத் தேட வேண்டும், அல்லது ஏலத்துக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டும். நான் இதுவரை விற்றது நான்கு சில்லறை நோட்டுகள்தான். நான்கிலும் போட்ட பணம் ஏறத்தாழத் திரும்பி வந்தது. நான்கை வைத்து உறுதியாக ஒன்றும் சொல்ல மாட்டேன். வாங்கும்போது எனக்குத் தெரியாதிருந்த குறை எதையும் விற்கும்போது அடுத்தவர் காட்டவில்லை என்பதை மட்டும் சொல்ல முடியும். லாபத்துக்காக வாங்குகிறவருக்கு இது போதாது. அவர் சான்றிட்ட பெரிய நோட்டையே வாங்கட்டும்.

பராமரிப்பில் இரண்டுக்கும் வித்தியாசம் அதிகம் இல்லை. பி.வி.சி. உறை வேண்டவே வேண்டாம், நாளாக நாளாகத் தாளைக் கெடுக்கும். மைலார் என்ற பாலியெஸ்டர் உறையில் போட்டு, ஈரமும் வெயிலும் படாத அலமாரியில் வைத்தால் போதும். சில்லறை நோட்டுக்கு இடமும் மிச்சம். என் முழுச் சேகரிப்பும் ஒரே கோப்பில் அடங்கிவிட்டது.

இப்போது புதிதாகத் தொடங்குகிறவருக்கு என்னிடம் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் ஐந்தாம் வெளியீட்டுப் பத்து சென்ட், பிறகு நான்காம் வெளியீட்டுப் பதினைந்து சென்ட், மூன்றாம் வெளியீட்டு மூன்று சென்ட், அதன் பிறகு தபால்தலைப் பற்கள் உள்ள முதல் வெளியீடு ஒன்று. பதினைந்து சென்ட் நோட்டு மக்கள் கைக்கு வந்தது நான்காம் வெளியீட்டில் மட்டும்தான். மூன்று சென்ட் நோட்டோ அன்றைய தபால் கட்டணத்துக்குச் சமமாக வந்த தாள். இந்த நான்கையும் புழங்கிய நிலையில் வாங்க, நான் அந்தக் கருங்கழுகுக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகாது. கிளார்க் நோட்டைத் தேடுபவர் பின்பக்கம் பச்சையாக இருப்பதை முதலில் வாங்கலாம், சிவப்பு அதைவிட விலை கூடும். முன்பக்கத்தில் சிலவற்றில் மட்டும் சின்னதாக ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். உருப்பெருக்கி இல்லாமல் கண்ணில் படாது.

விற்காமல் வைத்துக்கொண்ட ஏழாவது நோட்டு காட்டெருமை. நடுவில் மூன்று மடிப்பு, ஒரு மூலையில் மைக்கறை, ஓரங்களில் நூறு வருட அழுக்கு. அதை மட்டும் யாரும் துவைக்கவில்லை. விரலை வைத்தால் எருமையின் பிடரி மயிர் இன்னும் சொரசொரக்கிறது.