பேஜ் வளர்த்துக் கொடுக்கும் கம்பனி: ஹட்டன் பிளவுஸ் கடைக்காரியின் மதிப்பீடு

எங்கள் இன்ஸ்டகிராம் பேஜை மூன்று மாதத்துக்குக் கண்டியில் உள்ள ஒரு சோஷியல் மீடியா கம்பனியிடம் கொடுத்திருந்தேன். தெரிந்த கடைக்காரர்கள் எல்லாம் "எப்படி, நாங்களும் கொடுக்கலாமா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வொய்ஸ் அனுப்பி மாளவில்லை, அதனால் எழுதியே விடுகிறேன். கம்பனியின் பெயரைப் போடப் போவதில்லை. இதே பாணியில் வேலை செய்கிறவர்கள் கொழும்பிலும் இருக்கிறார்கள், பெயர் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

எங்களுடையது ஹட்டன் டவுனில் ஒரு மாடியில் இருக்கும் சின்ன இடம். ஆரி வேலை செய்த சாரி பிளவுஸ், சடங்கு வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாவாடை சட்டை, கல்யாண ஓடர். கம்பனிக்கு மாதம் 35,000 ரூபா. அதற்கு 12 போஸ்ட், 4 ரீல், மாதத்தில் ஒரு நாள் கெமராவோடு வந்து படம் பிடிப்பது. போஸ்டை இன்னும் பலருக்குக் காட்ட இன்ஸ்டகிராமுக்குக் கட்டுகிற பூஸ்ட் காசு தனி.

நல்லதை முதலில் சொல்கிறேன். படம் பிடிக்க வந்த தம்பி கெட்டிக்காரன். ஹட்டனில் பகலிலேயே பனி இறங்கிவிடும், டியூப் லைட்டைப் போட்டுக்கொண்டுதான் எங்கள் வேலை. அந்த வெளிச்சத்தில் போனில் எடுத்தால் அரக்குச் சிவப்பு சாக்லேட் நிறமாகும், மயில்கழுத்து நிறம் வெறும் நீலமாகும். வாங்கிய பிறகு "போட்டோவில் இருந்த கலர் இல்லையே" என்று சண்டை வரும். தம்பி வந்ததும் டியூப் லைட்டை அணைத்தார். பொம்மையை ஜன்னலுக்குப் பக்கவாட்டாக நிறுத்தினார். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை பெட்ஷீட்டை இரண்டு பிள்ளைகளைப் பிடிக்கச் சொன்னார். அவ்வளவுதான். ஜரியின் மினுக்கம் ஒருபக்கம், கல் ஒவ்வொன்றின் விளிம்பும் ஒருபக்கம் என்று அப்படியே தெரிந்தது. அந்த வித்தை ஒன்றுக்கே முதல் மாதக் காசு சரி என்பேன். சொன்ன திகதிக்குப் போஸ்ட் போடுவார்கள், போன் அடித்தால் எடுப்பார்கள். இதுவும் சின்ன விஷயமில்லை.

சிக்கல், என்னத்தைப் போட்டார்கள் என்பதில். முதல் ரீல் ட்ரோனில் எடுத்த தேயிலை மலை. அடுத்தது காசல்ரீ நீர்த்தேக்கத்தில் காலைப் பனி. அதற்கடுத்தது தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தில் நீல ரயில். 1921இல் கட்டிய பாலம், அழகுதான், யார் இல்லையென்றது? ஆனால் இங்கிருந்து ரயிலேறினால் அரை நாள் போகும் அந்தப் பாலத்துக்கும் எங்கள் பிளவுஸ் கழுத்துக்கும் என்ன உறவு? கேட்டால், "மலையகம் என்றால் இதுதான் அக்கா ஓடும்" என்றார்கள். ஓடத்தான் செய்தது.

அடுத்த திட்டத்தைச் சொன்னபோதுதான் எனக்கு ஏறியது. ஒரு மொடல் பிள்ளைக்கு எங்கள் கல்வேலை பிளவுஸைப் போட்டு, தலையில் கயிறு மாட்டி, முதுகில் கூடையோடு தேயிலைக்குள் நிறுத்திச் சிரிக்க வைத்து எடுக்கப் போகிறார்களாம். எங்களிடம் தைக்கிற பிள்ளைகளின் அம்மாமார் இன்றைக்கும் கொழுந்துக்குப் போகிறவர்கள். இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு, அட்டை ஏறாமல் காலில் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டு மலையேறுகிறவர்கள். அவர்களுடைய மகள்மார் கண் எரிய எரிய இழைத்த பிளவுஸை விற்க, அம்மாவின் வேலையை வேஷமாகப் போட்டுக் காட்ட வேண்டுமா? வேண்டாம் என்றேன். மறுபேச்சில்லாமல் விட்டுவிட்டார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கொடுக்கும்போது 900 சொச்சமாக இருந்த ஃபாலோவர், மூன்றாம் மாதம் 6,000ஐத் தாண்டியது. இந்த எண்ணிக்கையைத்தான் எல்லோரும் கேட்கிறீர்கள். பேஜை வியாபாரக் கணக்காக மாற்றிவிட்டால் (அதற்குக் காசில்லை) இன்சைட்ஸ் என்ற பகுதியில் ஃபாலோவர் எந்த நாடு, எந்த நகரம், என்ன வயது என்று பார்க்கலாம். எங்களுடையதில் பாதிக்கு மேல் வெளிநாடு. அதுவும் நம்முடைய ஆட்கள் இல்லை, ஊர் சுற்றுகிறவர்களும் ட்ராவல் பேஜ்களும். இன்பாக்ஸில் ஒருவர் இரண்டு இரவுக்கு ரூம் இருக்கிறதா, காலைச் சாப்பாடும் சேர்த்தா என்று கேட்டிருந்தார். சடங்கு வீட்டு ஓடரை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

நடுவில் ஒரு பரிசுப் போட்டியும் வைத்தார்கள். பேஜை ஃபாலோ பண்ணி மூன்று பேரை டேக் பண்ணினால், குலுக்கலில் நுவரெலியா ஹோட்டலில் ஓர் இரவு. பரிசு பிளவுஸாக இருந்திருந்தால் பிளவுஸ் போடுகிறவர்கள் வந்திருப்பார்கள். ஹோட்டலுக்கு ஆசைப்பட்டு வந்தவர்கள், வெற்றியாளரின் பெயரைப் போட்டதும் கிளம்பிவிட்டார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன்: இவர்கள் பொய் ஃபாலோவரை விற்கவில்லை. "ஆயிரம் ஃபாலோவர் இவ்வளவு ரூபா" என்று வட்ஸ்அப்பில் வருகிறவர்கள் வேறு ரகம், அந்தப் பக்கமே போகாதீர்கள். அப்படிச் சேர்க்கும் பொய் லைக், பொய் ஃபாலோ எல்லாவற்றையும் அகற்றப்போவதாக இன்ஸ்டகிராம் 2018இலேயே அறிவித்தது. எங்கள் பேஜுக்கு வந்தவர்கள் உண்மையான மனிதர்கள்தான். பிளவுஸ் வாங்காத மனிதர்கள்.

"சும்மா இருந்துவிட்டுப் போகட்டுமே, கணக்குக் கூடினால் கௌரவம்தானே" என்று எங்கள் வீட்டுக்காரர் சொன்னார். சும்மா இருக்க மாட்டார்கள். ஒரு போஸ்டை பூஸ்ட் பண்ணும்போது யாருக்குக் காட்டுவது என்பதில் 'தானாக' என்ற தெரிவு இருக்கிறது. அதைக் கொடுத்தால், ஏற்கெனவே ஃபாலோ பண்ணுகிறவர்களைப் போன்றவர்களைத் தேடிப்பிடித்துக் காட்டும். ரூம் தேடுகிறவர்கள் நிறைந்த பேஜில் காசைப் போட்டால், இன்னும் ரூம் தேடுகிறவர்கள் வருவார்கள். இப்போது நான் பூஸ்ட் பண்ணுவதென்றால் ஊர், வயது, பெண்கள் என்று நானே தெரிவு செய்கிறேன். ஊரில் ஹட்டனோடு கொழும்பையும் கட்டாயம் சேர்ப்பேன். தோட்டத்தில் இருந்து போய்க் கொழும்புக் கடைகளில் வேலை செய்கிற பிள்ளைகள்தான் தங்கச்சியின் சடங்குக்கு அங்கிருந்தே ஓடர் போட்டுக் காசனுப்புகிறவர்கள்.

நேரமும் அப்படித்தான். தீபாவளி தள்ளுபடியைத் தீபாவளிக்கு முந்திய வாரம் போட்டார்கள். ஆரி வேலை ஒரு வாரத்தில் முடிகிற காரியமா? இங்கே தோட்டத்து ஆட்களின் கையில் காசு புழங்குவது தீபாவளி முற்பணம் கிடைக்கும்போது, இல்லாவிட்டால் பத்தாம் திகதி சம்பளத்தன்று. எங்கள் கலண்டர் அதுதான். கண்டியில் இருக்கிறவர்களுக்கே இது தெரியவில்லை.

ஓடர் கொண்டுவந்த ரீல், கம்பனி எடுத்ததே அல்ல. எங்கள் கடைப் பிள்ளை ஒருத்தி, ஜன்னல் வெளிச்சத்தில், துணியை இழுத்துக் கட்டிய சட்டத்தின் மேல் போனைச் சாய்த்து வைத்து எடுத்தாள். துணிக்கு அடியில் இடது கை நூலைக் கொடுக்க, மேலே வலது கை ஆரி ஊசி அதைக் கொக்கி போட்டு இழுத்துச் சங்கிலி சங்கிலியாகப் போட்டுக்கொண்டு போகும். முகமே இல்லை, கை மட்டும். பின்னால் அவளுடைய குரல்: "இந்த பிளவுஸ் கைக்கு இரண்டு நாள் போகும், லைனிங்கோடு 9,500, கல் கூடினால் கூடும்." ஒரு நிமிஷம்கூட இல்லை. அதை அக்காவுக்கு, சித்திக்கு, கல்யாணப் பொண்ணுக்கு என்று அனுப்பித் தள்ளிவிட்டார்கள். இன்ஸ்டகிராம் தலைவர் அடம் மொசேரி 2025 ஜனவரியில் சொன்னதும் இதுதான்: எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், லைக், இன்னொருவருக்கு அனுப்புவது, இந்த மூன்றும் முக்கியம், புதியவர்களிடம் போய்ச்சேர அனுப்புவதற்கு மதிப்பு கூட. மலைக்கு லைக் போடுவார்கள். "எனக்கு இதே மாதிரி வேணும்" என்று யாரும் மலையை அனுப்புவதில்லை.

விலையைச் சொன்னதும் ஒரு காரணம். கம்பனிக்காரர்கள் "விலைக்கு இன்பாக்ஸ்" என்றுதான் போடுவார்கள், அப்போதுதான் மெசேஜ் கூடுமாம். கூடியது, விலையைக் கேட்டுவிட்டுப் போகிறவர்களின் மெசேஜ்.

ஒப்பந்தம் முடிந்து பேஜைத் திருப்பி எடுக்கும்போது, அவர்களுடைய ஒபிஸ் ஈமெயில்தான் அதில் இருந்தது. மாற்றித் தந்தார்கள், ஆனால் போன் மேல் போன் அடிக்க வேண்டியிருந்தது. யாரிடம் கொடுத்தாலும் ஈமெயிலும், உள்ளே போகக் கேட்கும் கோட் வருகிற நம்பரும் உங்களுடையதாகவே இருக்கட்டும்.

எல்லயிலோ நுவரெலியாவிலோ ஹோம்ஸ்டே வைத்திருக்கிறவர்கள் இந்த மாதிரிக் கம்பனியிடம் யோசிக்காமல் கொடுக்கலாம், அந்த வேலையில் இவர்கள் புலி. தையல், பலகாரம், நகை என்று நம்முடைய ஆட்களுக்கே விற்கிறவர்கள் மாதப் பெக்கேஜ் எடுக்காமல், படப்பிடிப்பை மட்டும் தனியாகக் கேட்டுப் பாருங்கள். எங்களுக்கு ஒத்துக்கொண்டார்கள். சித்திரைக்கும் தீபாவளிக்கும் இரண்டு மாதம் முந்தி அதே தம்பி வருகிறார், ஒரு நாளைக்கு 10,000 ரூபா, பகல் சாப்பாடு நம்முடையது. பெட்ஷீட்டும்.