கேபினட் ஃபேனில் மேக்னடிக் ஸ்டிரர்: எதற்குத் தாங்கும், எதற்குத் தாங்காது

கணினி கேபினட்டில் வரும் 12 வோல்ட், 120 மி.மீ. ஃபேனை மேக்னடிக் ஸ்டிரராக, அதாவது அடியில் சுழலும் காந்தத்தால் கரைசலைக் கலக்கும் கருவியாக மாற்றுவது வீட்டில் வேதியியல் செய்பவர்களிடம் பழைய உத்தி. அடாப்டர், மின்னழுத்தத்தைக் குறைக்கும் எல்எம்2596 மாட்யூல், நியோடைமியம் காந்தங்கள், பீக்கருக்குள் சுற்றும் டெஃப்லான் பூசிய 25 மி.மீ. காந்தக் குச்சி (பீட்), 3 மி.மீ. அக்ரிலிக் ஷீட் எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடித்துவிடலாம். அறை வெப்பத்தில், அரை லிட்டர் வரையான தண்ணீர்க் கரைசலுக்கு இது போதும். சரியாகச் சுற்றவில்லை என்றால் ஃபேனைத் திட்டாதீர்கள். தொண்ணூறு சதவீதம் காந்தம் ஒட்டியதில்தான் கோளாறு.

ஃபேனின் நடுவட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை முதலில் உரித்துவிட வேண்டும். அதன்மேலேயே ஒட்டினால் ஓடும்போது ஸ்டிக்கரோடு எல்லாம் பிய்ந்து வரும். காந்தத்தை நேராக பிளாஸ்டிக்கில் ஒட்டாமல், அகலமான இரும்பு வாஷர் ஒன்றை நடுவில் ஒட்டி அதன்மேல் வைப்பதே நல்லது. காந்தப்புலம் கீழே மோட்டாரின் சென்சாரைக் குழப்பாது. காந்தத்தை நகர்த்திப் பார்த்து இடம் சரிசெய்யவும் முடியும். ஃபெவிக்விக் வேண்டாம், நகர்த்த நேரம் தராது. அரால்டைட் போட்டு ஒரு நாள் விடுங்கள்.

10 மி.மீ. வட்டக் காந்தங்கள் இரண்டு, மையத்துக்கு இருபுறமும் சம தூரத்தில், இடையில் 20 மி.மீ. இருக்கும்படி. ஒன்றின் வடமுனை மேலே இருந்தால் மற்றதின் தென்முனை மேலே இருக்க வேண்டும். இரண்டும் ஒரே முனையானால் பீட் சுற்றாது, நடுங்கி ஓரமாய் ஓடிவிடும். ஒரு பக்கம் 2 மி.மீ. தள்ளிப்போனாலே மேசை அதிரும். அக்ரிலிக் மூடிக்கும் காந்தத்துக்கும் 3 முதல் 5 மி.மீ. இடைவெளி போதும். நான்கு மூலைத் துளைகளும் 105 மி.மீ. இடைவெளியில் இருக்கும், நீள போல்ட்டில் நட்டை ஏற்றி இறக்கி உயரம் வைக்கலாம்.

வேகத்துக்கு பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். இரண்டு வயர் ஃபேனில் அது மின்சாரத்தை விட்டு விட்டுத் தருவதால் உள்ளே இருக்கும் சர்க்யூட் தடுமாறும், கீச்சென்று சத்தம் வரும். எல்எம்2596 மின்னழுத்தத்தையே குறைப்பதால் ஓட்டம் மென்மையாக இருக்கிறது. குறைந்த வோல்ட்டில் ஃபேன் நின்ற நிலையிலிருந்து கிளம்பாது. 7 வோல்ட்டில் கிளப்பிவிட்டுப் பிறகு குறைக்க வேண்டும். அதிவேகத்தில் தொடங்கினால் பீட் காந்தத்தைத் தொடர முடியாமல் கண்ணாடியில் ‘டக் டக்’ என்று அடிக்கும். நிறுத்தி, மெதுவாகத் தொடங்குங்கள்.

100 மி.லி. நீரில் 20 கிராம் மயில்துத்தத்தைப் போட்டுவிட்டு விலகி நிற்கலாம். கண்ணாடிக் கம்பியால் கிளறினால் அடியில் நீலமாய்த் தேங்கும் அடர்கரைசல் இதில் தேங்குவதில்லை. சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளவு கண்டறியும் டைட்ரேஷனில்தான் முழு லாபம்: ஒரு கை சொட்டு விடும் ப்யூரெட்டில் இருக்க, நிறங்காட்டியான ஃபீனாஃப்தலீனின் இளஞ்சிவப்பு எந்தச் சொட்டில் நிலைக்கிறது என்று நிம்மதியாகப் பார்க்கலாம். ஜாம் பாட்டில், காபி டம்ளர் ஒத்துவராது. அடி உள்நோக்கி மேடாக இருப்பதால் பீட் சரிந்துவிடும். தட்டை அடி கொண்ட பீக்கரே வேண்டும்.

கிளிசரின் போன்ற கெட்டித் திரவத்தை இது சுற்றாது. சூடான பீக்கரை வைத்தால் அக்ரிலிக் வளையும், அசிட்டோன் சிந்தினால் அதன் பளபளப்பு போய் வெளுக்கும். எளிதில் தீப்பிடிக்கும் கரைப்பான்கள் பக்கமே கொண்டுபோகாதீர்கள். வயரும் மாட்யூலும் மூடாமல் கிடக்கும் கருவி இது, ஒரு பொறி போதும். பேப்பர் கிளிப்பை ரீஃபில் குழாயில் அடைத்து பீட் செய்வதும் பொய்ச் சிக்கனம்: அமிலம் கசிந்தால் இரும்பு கரைந்து கரைசலே கெட்டுவிடும்.

காந்தம் வாங்கும்போது மூன்றாக வாங்குங்கள். கரைசலை ஊற்றும்போது மூன்றாவதை பீக்கருக்கு வெளியே வைத்துப் பிடித்தால், பீட் சிங்க்கில் போய் விழாது.