மூன்றாம் தர அகாடமி, முதல் தரப் பயிற்சி: ஒரு தகப்பனின் மதிப்புரை

லண்டனில், எந்த நேரமும் பந்தை உதைத்துக்கொண்டு திரியும் எட்டு ஒன்பது வயதுப் பிள்ளை வைத்திருக்கும் தமிழ்ப் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். என் மகன் ஒன்பது வயதுக்குட்பட்டோர் அணியில் சேர்ந்தது முதல் இன்றுவரை ஒரே உதைபந்தாட்டக் கழகத்தின் அகாடமியில்தான், அதாவது கழகமே பிள்ளைகளைச் சேர்த்துப் பயிற்றுவிக்கும் பிரிவில்தான், விளையாடுகிறான். கழகம் கீழ்ப்பிரிவு லீக்கில் இருக்கிறது. அகாடமிகளைத் தரம் பிரிப்பார்கள், முதல் தரம்தான் உயர்ந்தது. இது மூன்றாம் தரம். கழகத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அணியில் இருப்பவர்கள் சின்னப் பிள்ளைகள். பெயரைச் சொன்னால் யார் யார் என்று கண்டுபிடிப்பது மிக லேசு. ஆனால் தெற்கு இங்கிலாந்தில் இதைப் போன்ற கழகங்கள் பல இருப்பதால், நான் சொல்வது உங்களுக்குப் பக்கத்தில் உள்ளதற்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் காசு விஷயம். அகாடமியில் முறையாகப் பதிவான பிள்ளைக்குப் பெற்றோர் ஒரு சதமும் கட்டுவதில்லை. பயிற்சி, உடுப்பு, ஃபிசியோ எல்லாம் கழகத்தின் செலவு. எங்களுக்குப் போவது பெட்ரோலும் நேரமும்தான். பெரிய கழகங்களின் சின்னத்தைப் போட்டு ‘டெவலப்மென்ட் சென்டர்’ என்று நடத்தப்படும் கட்டண வகுப்புகள் வேறு, அகாடமி வேறு. என் மகனும் முதலில் அப்படி ஒரு வகுப்புக்குப் போனான். கோச் நல்லவர், ஆனால் ஒரு கோச்சுக்கு எக்கச்சக்கமான பிள்ளைகள். தவணைக்குத் தவணை கட்டணம் கூடியதே தவிர, ‘உங்கள் மகன் எதில் முன்னேற வேண்டும்’ என்று ஒருவரும் எங்களிடம் கதைத்ததில்லை. ஜெர்சியில் பெரிய கழகத்தின் சின்னம் இருந்தது, பிள்ளைக்கும் அந்தக் கழகத்துக்கும் வேறு தொடர்பு இருக்கவில்லை.

இந்தச் சின்னக் கழகத்தில் முதல் மாதத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. மகன் இடது பின்களத்தில் விளையாடுபவன். பந்து வருவதற்கு முன் தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற ஒரே ஒரு பழக்கத்துக்காக அவனுடைய கோச் ஒரு பருவம் முழுக்க மினக்கெட்டார். சத்தம் போட்டதில்லை. ஆட்டத்தை நிறுத்தி, ‘இப்ப உனக்குப் பின்னால் யார் நின்றது?’ என்று மட்டும் கேட்பார். அவனுக்குப் பதில் தெரியாத நாட்கள் மெல்ல மெல்லக் குறைந்தன. இப்போது பதினான்கு வயதில் அவன் பார்க்காமல் பந்தை வாங்கினால் எனக்கே ஆச்சரியமாக இருக்கும்.

எழுத்தில் அறிக்கை தருகிறார்கள். பள்ளிக்கூட முன்னேற்றத்தையும் கேட்கிறார்கள். பன்னிரண்டு வயதளவில் அவனுக்குக் குதிக்காலில் கடும் நோவு வந்தது. வளரும் வயதில் ஓடித் திரியும் பிள்ளைகளுக்கு அது அடிக்கடி வருவது. ஃபிசியோ அவனை உடனே பயிற்சியிலிருந்து பாதி நிறுத்தி, எந்த நாளில் எவ்வளவு ஓடலாம் என்று எழுதித் தந்தார். முக்கியமான ஆட்டம் இருந்த வாரத்திலும் அவனை இறக்கவில்லை. வெற்றிக்காகப் பிள்ளையின் காலைப் பணயம் வைக்காத இடம் என்று எனக்கு நம்பிக்கை வந்தது அந்த வாரத்தில்தான்.

குறைகளும் இருக்கின்றன. உள்ளரங்க மைதானம் கிடையாது, மார்கழியிலும் தையிலும் பனி உறைந்தால் பயிற்சி ரத்து. அந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் வரும்போது பாதி வழி போயிருப்போம். உடுப்பு மாற்றும் அறை ஒரு போர்ட்டகேபின். பெற்றோர் நிற்க ஒதுங்குமிடம் இல்லை. முதல் தர அகாடமிகளின் வசதியோடு இதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே முடியாது. பயிற்சி நேரமும் அங்கே அதிகம். இது உண்மை, மறைக்க ஒன்றும் இல்லை.

ஆனால் இந்த மதிப்புரையை நான் இவ்வளவு நாள் யோசித்து எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் போர்ட்டகேபின் அல்ல. பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் பருவத்தின் முடிவில் எங்கள் அணியிலிருந்து இரண்டு பிள்ளைகளை ஒரு பெரிய கழகம் எடுத்துக்கொண்டது. ஒருவன் கோல்காப்பாளர், மற்றவன் நடுக்களத்தில் ஆட்டத்தையே நடத்துகிறவன். இரண்டு பேரும் என் மகனைப் போல ஒன்பது வயதுக்குட்பட்டோர் அணியிலிருந்தே அங்கே வளர்ந்தவர்கள். பெற்றோரை நான் ஒருநாளும் குறை சொல்லமாட்டேன். அந்த வாய்ப்பு வந்தால் எந்தத் தகப்பனுக்கும் நித்திரை வராது. என் கோபம் அந்தக் கொடுக்கல் வாங்கலில் பெரிய கழகம் சின்னக் கழகத்துக்குக் கொடுக்கும் விலை மேல்தான்.

கணக்கைச் சொல்கிறேன். அகாடமிகளுக்காக பிரீமியர் லீக் கொண்டுவந்த திட்டமான ‘எலீட் பிளேயர் பெர்ஃபாமன்ஸ் பிளான்’, சுருக்கமாக இபிபிபி, 2012இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய ஆண்டு கீழ்ப்பிரிவுக் கழகங்கள் 46க்கு 22 என்று வாக்களித்து அதை ஏற்றுக்கொண்டன. ஏற்காவிட்டால் இளையோர் பயிற்சிக்கு பிரீமியர் லீக் தரும் நிதி நின்றுவிடும் என்ற பயத்தில் கை தூக்கியவர்கள் பலர் என்று அப்போதே செய்திகள் வந்தன. அதற்கு முன்பு, இரண்டு கழகங்களும் விலையில் ஒத்துவராவிட்டால் ஒரு தீர்ப்பாயம் பிள்ளையின் திறமையையும் பார்த்து விலையைத் தீர்மானிக்கும். புதிய திட்டம் நிலையான விலைப்பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்தது. ஒன்பது முதல் பதினொரு வயதுக்குட்பட்டோர் அணிகளில் பயிற்றுவித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 3,000 பவுண்ட். அதற்கு மேல் பதினாறுக்குட்பட்டோர் வரை, பயிற்றுவித்த அகாடமியின் தரத்தைப் பொறுத்து வருடத்துக்கு 12,500 முதல் 40,000 பவுண்ட் வரை. மூன்றாம் தரத்துக்கு 12,500.

2012இல் வந்த அந்தப் பட்டியலின்படி எங்கள் கோல்காப்பாளருக்காகக் கழகத்துக்கு என்ன வரும்? மூன்று வருடத்துக்கு 9,000, அடுத்த இரண்டு வருடத்துக்கு 25,000. மொத்தம் 34,000 பவுண்ட். ஐந்து வருடப் பயிற்சி, ஃபிசியோ, மைதான வாடகை, கோச்சுகளின் சம்பளம் எல்லாவற்றுக்கும் சேர்த்து. அதோடு, இப்படி ஒரு பிள்ளை வெளியே வருவதற்கு அதே கழகம் இன்னும் எத்தனையோ பிள்ளைகளைப் பயிற்றுவித்திருக்க வேண்டும். அந்தச் செலவு பட்டியலில் இல்லை. பிரீமியர் லீக்கில் நன்றாக விளையாடும் ஒருவர் ஒரு கிழமையில் வாங்கும் சம்பளத்தை விட இது குறைவு. பிள்ளை பிற்காலத்தில் முதல் அணியில் விளையாடினால் ஆட்டங்களின் எண்ணிக்கைப்படி மேலதிகப் பணம் வரும், 100 ஆட்டங்கள் ஆடினால் 13 லட்சம் பவுண்ட் வரை போகலாம் என்பதையும் சொல்ல வேண்டும். அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் பதின்மூன்று வயதில் போகும் பிள்ளை அந்த இடத்துக்கு வர எத்தனை வருடம்? பெரும்பாலானோர் வருவதே இல்லை. இந்த மாத மின்சாரக் கட்டணத்தைச் சின்னக் கழகம் இந்த மாதமே கட்ட வேண்டும்.

வெம்பிளிப் பக்கம் இருப்பவர்களுக்கு ரஹீம் ஸ்டெர்லிங்கைத் தெரியாமல் இருக்காது, அவர் வளர்ந்த இடமே அதுதான். அவரை 2010இல், பதினைந்து வயதில், குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸிடமிருந்து லிவர்பூல் வாங்கியது. அது பழைய முறை இருந்த காலம். சில லட்சம் பவுண்டோடு, பின்னால் விற்றால் வரும் லாபத்தில் 20 சதவீதம் என்று ரேஞ்சர்ஸ் பேரம் பேசியிருந்தது. 2015இல் மான்செஸ்டர் சிட்டி 49 மில்லியன் பவுண்ட் வரை கொடுத்து அவரை வாங்கியபோது பழைய கழகத்துக்கும் பல மில்லியன் வந்தது. அதே 2015இல் ஜேடன் சாஞ்சோ பதினான்கு வயதில் வாட்ஃபோர்டிலிருந்து மான்செஸ்டர் சிட்டிக்குப் போனார். ஏழு வயதிலிருந்து அவரைப் பயிற்றுவித்த கழகம் வாட்ஃபோர்ட். தொடக்கத்தில் கிடைத்தது சுமார் 66,000 பவுண்ட். 2021இல் ஜெர்மனியின் டோர்ட்முண்ட் கழகத்திலிருந்து மான்செஸ்டர் யுனைட்டெட் அவரை வாங்கிய விலை 73 மில்லியன். இன்றைக்கும் இரண்டு கழகங்கள் பேசி வேறு உடன்பாட்டுக்கு வரலாம். ஆனால் கையில் மலிவான விலைப்பட்டியல் இருக்கும்போது பெரிய கழகம் எதற்காக 20 சதவீதம் தர வேண்டும்?

இதனால் என்ன ஆகும் என்பதற்கு மேற்கு லண்டனிலேயே உதாரணம் இருக்கிறது. பிரென்ட்ஃபோர்ட் 2016இல் தன் அகாடமியையே மூடியது. இயன் பொவேடா மான்செஸ்டர் சிட்டிக்கும் ஜோஷ் போஹுய் மான்செஸ்டர் யுனைட்டெட்டுக்கும் ஆளுக்குச் சுமார் 30,000 பவுண்டுக்குப் போன பிறகு, வளர்த்து வளர்த்துக் கொடுப்பதில் அர்த்தமில்லை என்று நிர்வாகம் முடிவெடுத்தது. அதற்குப் பதிலாக, பெரிய கழகங்கள் கழித்துவிட்ட இளைஞர்களைச் சேர்த்து, முதல் அணிக்கு அடுத்தபடியான ஒரு பி அணியை அமைத்தார்கள். கழகத்தின் கணக்குக்கு அது பலன் தந்தது. செல்சி பதினான்கு வயதில் விட்டுவிட்ட கிறிஸ் மெப்பம், பிரென்ட்ஃபோர்ட் அகாடமிக்கு வந்து, பின் பி அணி வழியாக முதல் அணிக்கு ஏறி, 2019இல் சுமார் 12 மில்லியன் பவுண்டுக்கு போர்ன்மவுத்துக்கு விற்கப்பட்டார். 2021இல் கழகமும் பிரீமியர் லீக்குக்குப் போனது, அகாடமியும் பிறகு திரும்பத் திறக்கப்பட்டது. ஆனால் அது மூடியிருந்த வருடங்களில் ஒன்பது வயதாக இருந்த ஹவுன்ஸ்லோ, ஐஸில்வர்த் பிள்ளைகளுக்கு வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கதவு பூட்டியே கிடந்தது. என்னை உறுத்துவது இதுதான். சின்னக் கழகம் கையை விரித்தால் கஷ்டப்படுவது அதன் முதலாளி இல்லை, காசு கட்டிப் பயிற்சிக்கு அனுப்ப வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள்.

பிள்ளைகளை இப்படி எடுப்பது எங்கள் அணியையும் பாதித்தது. இரண்டு பேர் போன பிறகு அணி மாதக்கணக்கில் தள்ளாடியது. அதை விடக் கவலை, மிச்சமிருந்த பிள்ளைகள் ‘எங்களை ஏன் எடுக்கவில்லை’ என்று கேட்கத் தொடங்கியது. என் மகனும் காரில் வரும்போது கேட்டான். கோச் அதை நன்றாகக் கையாண்டார். ஒவ்வொரு பிள்ளையையும் பெற்றோரோடு கூப்பிட்டு இருத்தி, அடுத்த பருவத்தில் அவனுக்கு என்ன பொறுப்பு என்று விளக்கினார். மகனுக்கு மூலை உதைகளை ஒப்படைத்தார். இந்தக் கழகத்துக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பெரிய பங்கு அந்தச் சந்திப்புக்குரியது. போனவர்களில் ஒருவன் அங்கே நன்றாக இருக்கிறான் என்று கேள்விப்பட்டேன், சந்தோஷம். மற்றவனை அடுத்த வருடமே விட்டுவிட்டார்கள்.

ஹரோவில் இருக்கும் ஒரு தம்பி போனில் கேட்டார்: “அண்ணை, பெரிய கழகம் கூப்பிட்டால் விடலாமோ?” விடலாம், ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு விடும் என்றேன். மகன் விளையாடும் இடத்துக்கு அவர்களிடம் ஏற்கெனவே எத்தனை பேர்? பள்ளிக்கூடம் மாற வேண்டுமா? பின்னேரம் எத்தனை மணிக்கு வீடு திரும்புவான்? இரண்டு வருடத்தில் விட்டுவிட்டால் அடுத்த இடம் தேட யார் உதவுவார்கள்? எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கும் என்றும் சொன்னேன்.

இன்னொன்றும் சொன்னேன். வேறு கழகத்தில் பதிவான பிள்ளையின் வீட்டுக்கு நேராகப் போன் எடுத்து ஆசை காட்டுவது விதிக்கு விரோதம். கழகத்தின் வழியாகத்தான் வர வேண்டும். பள்ளிக் கட்டணம் கட்டுகிறோம், வீடு பார்த்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் போனை வையுங்கள். 2017இல் ஸ்டோக் சிட்டியின் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒருவனின் விஷயத்தில் லிவர்பூலுக்கு 1 லட்சம் பவுண்ட் அபராதமும், மற்றக் கழகங்களின் அகாடமிகளிலிருந்து பிள்ளைகளை எடுக்க இரண்டு வருடத் தடையும் விதிக்கப்பட்டன. இரண்டாவது வருடம் ஒத்திவைக்கப்பட்டது. அதே வருடம் மான்செஸ்டர் சிட்டிக்கும் 3 லட்சம் பவுண்ட் அபராதமும் தடையும் வந்தன. லிவர்பூலுக்கு 1 லட்சம் ஒரு காசே இல்லை. நடுவில் மாட்டிக்கொள்கிற குடும்பம் அப்படித் தாங்காது.

சரி, இந்த அகாடமியை நான் பரிந்துரைக்கிறேனா? முழு மனதோடு. ஐந்துக்கு நாலரை. அந்த அரை போனது கடைசி நிமிட வாட்ஸ்அப்புக்கும் போர்ட்டகேபினுக்கும். பளபளக்கும் வசதியும் பெரிய பெயரும்தான் முக்கியம் என்றால் உங்களுக்கு இது சரிவராது. பிள்ளையின் பெயரையும், அவன் எந்தக் காலில் பலவீனம் என்பதையும் தெரிந்த ஒரு கோச் வேண்டும் என்றால், பக்கத்தில் இருக்கும் கீழ்ப்பிரிவுக் கழகத்தின் இணையதளத்தில் அகாடமிப் பகுதியைப் பாருங்கள். உள்ளூர் ஞாயிறு லீக் அணி ஒன்றில் பிள்ளை ஒழுங்காக விளையாடினால் திறமையான பிள்ளைகளைத் தேடித் திரியும் அவர்களுடைய ஸ்கவுட்டே வந்து பார்ப்பார், அதற்குக் காசு கேட்கமாட்டார். கேட்டால் அவர் ஸ்கவுட் இல்லை.

என் மகனுக்கு அடுத்த பெரிய முடிவு பதினாறில், ஸ்காலர்ஷிப், அதாவது அந்த வயதில் கழகம் தரும் பயிற்சி ஒப்பந்தம், கிடைக்குமா இல்லையா என்று. அதுவரை வேறு யார் கூப்பிட்டாலும் முதலில் அவனுடைய கோச்சோடுதான் கதைப்பேன். அப்புறம், முதல் தடவை போகிறவர்கள் தடித்த ஜாக்கெட்டும் ஃபிளாஸ்க்கில் தேத்தண்ணியும் கொண்டு போங்கள், மைதானத்தில் காற்று அப்படி அடிக்கும்.